நாளை காலை எட்டு மணிக்கு ஓர் இடது கால்

அத்தியாயம் 4

திருட்டுப் போகவிருந்த பொருள், ஓர் இடது கால். நேரம், நாளை காலை எட்டு மணி. இடம், மூன்றாம் மாடி ஆபரேஷன் தியேட்டர். இப்படி முன்கூட்டியே தேதி குறித்து, பொருளுக்குச் சொந்தக்காரனிடமே கையெழுத்தும் வாங்கிக்கொண்டு நடக்கிற திருட்டை எந்த ஊர்ப் போலீஸும் பார்த்திருக்காது.

அந்தத் தகவல் ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்துப் பரிசோதனைக் கூடத்துக்கு வந்து சேர்ந்தபோது மணி பத்தேகால். தகவலோடு கூடவே ஒரு பெரிய வாளியும் வந்தது. இரண்டையும் தூக்கிக்கொண்டு வந்தவர் மெழுகு.

மெழுகு என்பது வீட்டில் வைத்த பெயர் இல்லை. நோயாளியின் உடம்பிலிருந்து வெட்டி வருகிற சதைத் துணுக்கை மெழுகுக் கட்டிக்குள் புதைத்து, அதை வெங்காயத் தோலைவிட மெல்லிசாகச் சீவி, கண்ணாடியில் ஒட்டிச் சாயம் ஏற்றிக் கொடுப்பது அவருடைய வேலை. இருபத்திரண்டு வருடமாக அதையே செய்ததில் பெயர் ஒட்டிக்கொண்டது. இதற்குள் தலைமுடி போய்விட்டது, வாய் மட்டும் போகவில்லை.

"மேடம், நாளைக்கு நம்ம வீட்டுக்கு விருந்தாளி. இடுப்புலேர்ந்து பாதம் வரைக்கும் முழுசா வருது. ஆளு ஆறடியாம். இந்த வாளி பத்துமான்னு பாருங்க."

"யாரோட கால்?" என்றார் மைக்ராஸ்கோப்பிலிருந்து தலையைத் தூக்காத மேடம்.

இந்த மேடத்துக்கு ஆஸ்பத்திரி முழுக்க வழங்குகிற பெயர் சந்தேகம். கட்டி நல்லதா, கெட்டதா, கெட்டது என்றால் எந்த ஜாதிக் கெட்டது என்று கண்ணாடித் துண்டைப் பார்த்துச் சொல்கிற டாக்டர். "சந்தேகம் மேடம் ரிப்போர்ட் அனுப்பிட்டாங்களா?" என்று எல்லா வார்டிலும் கேட்பார்கள். ஆனால் அவர் முகத்தை வார்டில் ஒருத்தருக்கும் தெரியாது. படியேறி மேலே போகிற வழக்கமே அவருக்கு இல்லை. நோயாளிகள்தான் துண்டு துண்டாக அவரிடம் வருவார்கள்.

"பஸ் டிரைவர். முப்பத்தஞ்சு வயசு. தொடையில கட்டி. போன திங்கக்கிழமை நீங்கதானே ரிப்போர்ட் போட்டீங்க, சார்கோமான்னு? தசையில வர்ற புற்று, ரத்தக் குழாயைச் சுத்திக்கிட்டு இருக்கு, காலோட எடுத்தாத்தான் ஆச்சுன்னு எலும்பு டாக்டர் லிஸ்ட் போட்டுட்டார்."

"அந்த ஸ்லைடை எடுங்க."

"கையெழுத்துப் போட்டு அனுப்பியாச்சு மேடம். பரீட்சை முடிஞ்சப்புறம் புஸ்தகத்தைத் திறக்கறீங்களே!"

"கால் வாளிக்கு வர்றதுக்கு முன்னாடி இன்னொரு தடவை பாத்துக்கறேன். வந்தப்புறம் பாத்து என்ன, திருப்பி ஒட்டவா முடியும்?"

மெழுகு ஸ்லைடுப் பெட்டியைத் திறந்தார். ஸ்லைடைத் தேடி எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். பிடித்தவர் அப்படியே நின்றார். கண்ணாடியின் மூலையில் ஒரு நீலப் புள்ளி இருந்தது.

மேடத்துக்கு ஒரு பழக்கம் உண்டு. கண்ணை உறுத்துகிற இடம் எதையாவது பார்த்தால் அந்த இடத்துக்கு மேலே பேனாவால் ஒரு புள்ளி வைப்பார். உறுத்தல் தீர்ந்ததும் ஸ்பிரிட் பஞ்சால் துடைத்துவிடுவார். இந்தப் புள்ளியை யாரும் துடைக்கவில்லை.

"இதை யாரு வெச்சது?" என்று கேட்டார் மேடம்.

"ஈ வெச்சிருக்கும்" என்றார் மெழுகு. "ஆனா நம்ம ஆஸ்பத்திரியில நீல மை வாங்கற ஈ ஒண்ணுதான் இருக்கு."

மேடம் சிரிக்கவில்லை. ஸ்லைடை மேடையில் வைத்து, எதிரெதிரே உட்கார்ந்து இரண்டு பேர் பார்க்கிற மைக்ராஸ்கோப்பில் மெழுகையும் உட்காரச் சொன்னார். நீள நீளமான அணுக்கள், பிரிந்து கிடக்கிற நூல்கண்டு மாதிரி கற்றை கற்றையாகக் கிடந்தன. பார்த்தவன் எவனும் தசைப் புற்று என்றுதான் சொல்வான். சத்தியமே செய்வான்.

"இப்போ புள்ளிக்குக் கீழ பாருங்க."

அங்கே ஒரே ஓர் அணு பெரிதாக இருந்தது. அதன் நடுக்கரு நீளமாகவும் இல்லை, உருண்டையாகவும் இல்லை. குதிரை லாடம் போல வளைந்திருந்தது.

"தசைக்கூட்டத்துல லாடத்துக்கு என்ன வேலை?" என்றார் மேடம்.

"குதிரை மட்டும் எங்கேயோ ஓடிப் போயிருக்கு போல."

"ஓடலை மெழுகு. வேஷம் போட்டுக்கிட்டு இங்கேயேதான் நிக்குது. வேலியே பயிரை மேயறதுன்னு சொல்வோம்ல? நம்ம உடம்புக்கு வெள்ளையணுதான் வேலி. அந்த வேலி கெட்டுப்போனா லிம்போமா. சாதாரணமா உருண்டை உருண்டையா இருக்கும், சின்னப் பிள்ளைகூடக் கண்டுபிடிச்சிடும். ஆயிரத்துல ஒண்ணு இப்படித் தசைக்குள்ள பூந்து, நீளமா இழுத்துப் படுத்துக்கிட்டு, நானும் தசைதான்னு நடிக்கும். ஆனா பாவம், லாடத்தை மறைக்கத் தெரியாது."

மெழுகு மைக்ராஸ்கோப்பிலிருந்து தலையைத் தூக்கினார். "லிம்போமான்னா காலை..."

"தொடவே வேண்டாம். மருந்துலயே கரையும்."

"அப்போ நாப்பத்தஞ்சு ஏன் இல்லைன்னு சொல்லிச்சு?"

நாற்பத்தைந்து என்பது ஒரு சாயத்தின் நம்பர். 'நீ வெள்ளையணுக் குடும்பமா?' என்று அணுவைப் பார்த்துக் கேட்கிற சாயம். ஆமாம் என்றால் பழுப்பாக மாறும், இல்லை என்றால் பேசாமல் இருக்கும். அந்தக் கூடத்தில் ஒரு சட்டம் இருந்தது. எந்தக் கட்டி வந்தாலும் முதலில் நாற்பத்தைந்தைக் கேட்பது. இல்லை என்று வந்தால் பட்டியலில் லிம்போமா வரிசை முழுவதையும் சிவப்புப் பென்சிலால் ஒரே கோடாகக் கிழித்துவிடுவது. அதற்குப் பிறகு அந்தப் பக்கம் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பத்து வருடமாக அப்படித்தான்.

மேடம் பழைய பட்டியலை எடுத்துப் பார்த்தார். சிவப்புக் கோடு ஸ்கேல் வைத்ததுபோல நேராக இருந்தது.

"இந்தக் கும்பல்ல சிலது குடும்ப அடையாள அட்டையைத் தூக்கிப் போட்டுட்டுத்தான் வெளிய கிளம்பும். அட்டை இல்லைன்னதும், குடும்பமே இல்லைன்னு நான் முடிவு பண்ணிட்டேன். புள்ளி வெச்சதும் நான், அதை மறந்ததும் நான். சட்டம் போட்டதும் நான், கோடு கிழிச்சதும் நான்."

"யானைக்கும் அடி சறுக்கும் மேடம், விடுங்க."

"சறுக்கறது யானைக்கு. கால் போறது டிரைவருக்கு."

சொல்லிவிட்டு மேடம் போனை எடுத்தார். எலும்பு டாக்டர் அவரோடு ஒரே வகுப்பில் படித்தவர். அதனால் இரண்டு பேரும் மரியாதை என்ற பேச்சுக்கே இடம் கொடுப்பதில்லை. பக்கத்தில் நின்ற மெழுகுக்கே மறுமுனைக் குரல் தெளிவாகக் கேட்டது.

"என்ன விளையாடறியா? உன் ரிப்போர்ட், உன் கையெழுத்து. இப்போ வந்து லாடம் கீடம்னு கதை சொல்றே!"

"ஒரு சாயம் போட்டுப் பாக்கறேன். அதுவரைக்கும் நிறுத்து."

"நாளைக்கு விட்டா எனக்கு அடுத்த தியேட்டர் நாள் ஒன்பது நாள் கழிச்சு. அதுக்குள்ள நெஞ்சுக்குப் பரவினா நீயா ஜவாபு சொல்வே? அவனுக்கு உயிர் முக்கியமா, கால் முக்கியமா?" எலும்பு டாக்டர் மூச்சு வாங்கினார். "சாயங்காலம் அஞ்சு மணி. அதுக்குள்ள கையில எதையாவது காட்டு. இல்லைன்னா லிஸ்ட் லிஸ்ட்தான்."

போன் வைக்கப்பட்டது.

"முப்பது பாட்டில்ல எவ்வளவு இருக்கு?" என்றார் மேடம். முப்பது என்பது லாடக்காரர்களை மட்டும் பிடிக்கத் தெரிந்த இன்னொரு சாயம். எப்போதோ ஒரு முறைதான் தேவைப்படும்.

மெழுகு குளிர்பெட்டியைத் திறந்து பாட்டிலை ஆட்டிப் பார்த்தார். "ரெண்டு ஸ்லைடுக்கு வரும். மூணாவதுக்குத் தண்ணியைத்தான் ஊத்தணும்."

"ஒண்ணு போடுங்க. கூடவே அதே கும்பலைப் பிடிக்கிற ஆல்க் சாயமும் ஒண்ணு போடுங்க. ரெண்டு பேரும் சேர்ந்து காட்டிக்குடுத்தா எலும்பு வாயைத் திறக்க முடியாது. மூணு மணி நேரம் ஆகும் இல்ல? நான் அதுக்குள்ள மேல போய்ட்டு வந்துடறேன்."

"மேலயா? நீங்களா?" மெழுகுக்குக் கண் விரிந்தது.

மேடம் பயாப்ஸியோடு வந்திருந்த படிவத்தைக் காட்டினார். நோயின் விவரம் எழுதச் சொல்லிப் பத்து வரி இடம் விட்டிருந்தது. அதில் இரண்டே வார்த்தை. 'தொடையில் கட்டி.'

"தொடைன்னாவது எழுதினாங்களே" என்றார் மெழுகு. "சில பேரு 'உடம்பில் கட்டி'ன்னு எழுதறான்."

"லாடம் இதுக்கு மேல பேசாது. அதோட சொந்தக்காரன் பேசுவான்."

இருபத்திரண்டு வருடத்தில் முதல் முறையாக மேடம் படியேறப் போகிறார். அந்தக் காட்சியைத் தவறவிட மெழுகுக்கு மனசு வருமா? அவசர அவசரமாக ஸ்லைடுகளைச் சீவி ஒட்டி, வேகவைக்கிற தண்ணீர்த் தொட்டியில் இறக்கி, மூடியைப் போட்டுவிட்டுப் பின்னாலேயே ஓடினார்.

மேலே வார்டில் டிரைவர் கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். ஆள் நெடுநெடுவென்று இருந்தார், ஆனால் உடம்பு இளைத்திருந்தது. பக்கத்தில் அவருடைய அக்கா, கையில் ஓர் எண்ணெய்ப் பாட்டில். நாற்பத்தைந்து வயது இருக்கும். சலவைக்கடை நடத்துகிறவள். நாற்காலியின் மேல் டிரைவரின் யூனிஃபார்ம் சட்டை, ஒரு சுருக்கம் இல்லாமல் மடிப்புக் கலையாமல் தொங்கியது.

"கட்டி வந்து எத்தனை நாள் ஆச்சு?" என்று ஆரம்பித்தார் மேடம்.

"ஆறு மாசம்" என்றார் டிரைவர்.

"அன்னிலேர்ந்து வளந்துக்கிட்டே வந்துச்சா?"

"ஆமாங்க."

"எங்கடா ஆமா?" என்று பாய்ந்தாள் அக்கா. "நடுவுல பாதியா வத்திப் போச்சே, அதைச் சொல்லுடா! மூணு வாரம் கை ஓயாம எண்ணெய் தேய்ச்சேன் டாக்டர். எலுமிச்சம்பழமா இருந்தது கோலிக்குண்டா ஆயிடுச்சு. அந்த எலும்பு டாக்டர்கிட்ட சொன்னேன். 'அம்மா, கொஞ்சம் வெளிய நில்லுங்க'ன்னுட்டார். படிச்சவங்களுக்கு எண்ணெய்ன்னா இளக்காரம்."

மேடம் அவளை வெளியே நிற்கச் சொல்லவில்லை. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டார்.

"எனக்கு இளக்காரம் இல்லம்மா. அந்த மூணு வாரத்துல தம்பி எப்படி இருந்தார்?"

"ஆளே தேறிட்டான்! ரெண்டு ஆள் சோறு ஒரே ஆளாத் தின்னான். மூஞ்சி உப்பி முழுநிலா மாதிரி ஆயிடுச்சு. விடியறதுக்கு முன்னாடியே எழுந்து என் கடை அலமாரி பூரா துடைச்சு அடுக்கி வெப்பான். பொறந்ததிலேர்ந்து இவன் ஒரு துரும்பை நகர்த்தி நான் பார்த்ததில்லை. எல்லாம் எண்ணெய் பண்ற வேலை."

மேடத்தின் பார்வை யூனிஃபார்ம் சட்டைக்குப் போனது. எழுந்து காலரைத் தொட்டுப் பார்த்தார். மேல் பட்டன் அரை அங்குலம் தள்ளித் தைக்கப்பட்டிருந்தது. பழைய இடத்தில் ஊசி குத்தின தடம் தெரிந்தது.

"மெழுகு, இங்க வாங்க. உடம்பு இளைக்கிறவனுக்கு யாராவது காலரைப் பெரிசு பண்ணித் தருவாங்களா?"

"பாசம் அதிகமானா பண்ணுவாங்க மேடம்."

"கழுத்து மூடலைன்னு கத்தினான் டாக்டர்" என்றாள் அக்கா. "நான்தான் தள்ளித் தெச்சுக் குடுத்தேன்."

மேடம் டிரைவரின் பக்கம் திரும்பினார். குரலில் வாஞ்சை வழிந்தது. அந்தக் குரல் வந்தால் யாரோ மாட்டிக்கொண்டார்கள் என்று மெழுகுக்குத் தெரியும்.

"தம்பி, தொடையில எண்ணெய் தேய்ச்சா தொடைதான் வழுக்கும். மூஞ்சி ஏன் உப்புது? என்ன மாத்திரை சாப்பிட்டீங்க?"

"மாத்திரையா? அதெல்லாம் ஒண்ணும் இல்லைங்களே." டிரைவர் மேலே சுற்றாத மின்விசிறியை வெகு அக்கறையாகப் பார்த்தார்.

"வெள்ளையா, பொடிசா இருக்குமே? முதல் வாரம் எட்டு, அப்புறம் ஆறு, அப்புறம் நாலுன்னு குறைச்சுக் குறைச்சுச் சாப்பிடச் சொல்லியிருப்பாங்களே? கசக்குமே?"

டிரைவர் விசிறியிலிருந்து கண்ணை இறக்கி அக்காவைப் பார்த்தார். அக்கா எண்ணெய்ப் பாட்டிலைக் கீழே வைத்தாள்.

"டேய்."

"வீசிங் அக்கா" என்றார் டிரைவர், தரையைப் பார்த்து. "நாலு மாசம் முன்னாடி மூச்சு இழுத்துச்சு. வண்டியில உக்காந்தாலே விசில் அடிக்கிற மாதிரி சத்தம். டிப்போ டாக்டருக்குத் தெரிஞ்சா ஸ்டியரிங்கைப் பிடுங்கிட்டு டயர் குடோன்ல உக்கார வெச்சிடுவார். அதான் என் ரூட் முடியற எடத்துக்கும் அந்தாண்ட போயி, யாருக்கும் என்னைத் தெரியாத ஒரு கிளினிக்ல காட்டினேன். மூணு வாரத்துக்கு மாத்திரை குடுத்தாங்க. இங்கேயும் சொல்லலை. பேப்பர்ல ஏறிடுச்சுன்னா டிப்போவுக்குப் போயிடுமே."

ஆஸ்பத்திரியில் ஏழு பேர் ஏழு தடவை கேட்டிருக்கிறார்கள், வேறு மருந்து ஏதாவது சாப்பிட்டாயா என்று. ஏழு தடவையும் இல்லை என்றிருக்கிறான் மனிதன். பஸ் ஓட்டுகிறவனைத் தவிர வேறு யாரும் இந்தப் பொய்யை இவ்வளவு கெட்டியாகக் காப்பாற்றியிருக்க மாட்டார்கள்.

"ஏன் தம்பி, நாளைக்குக் கால் போனப்புறம் எந்த பஸ்ஸை ஓட்டறதா உத்தேசம்?" என்றார் மேடம்.

டிரைவர் தன் தொடையைத் தடவிக்கொண்டார். "அதை நெனைச்சா பயமா இருந்துச்சுங்க. அதனால நெனைக்கவே இல்லை" என்றார். மெழுகுக்கு அவர்மேல் கோபம் வந்தது. அதைவிடப் பாவமாக இருந்தது.

படியிறங்கும்போது மேடம் இரண்டு இரண்டு படியாகத் தாண்டினார். "அது ஸ்டீராய்டு மெழுகு. தசைப் புற்று அதுக்கெல்லாம் அசைஞ்சே குடுக்காது. லிம்போமாதான் ஸ்டீராய்டைப் பாத்தா சுருண்டு படுத்துக்கும். மாத்திரை நின்னதும் எழுந்து வந்திருக்கு."

"அப்போ எண்ணெய்க்கு விடுதலையா மேடம்?"

"எண்ணெய்க்குப் பதக்கமே குடுக்கலாம். அந்தம்மா அதைத் தேய்க்கலைன்னா கட்டி குறைஞ்சதே யாருக்கும் தெரிஞ்சிருக்காது."

கூடத்துக்குத் திரும்பினதும் மெழுகு தொட்டியிலிருந்து ஸ்லைடுகளை எடுத்து, பேச்சு சுவாரசியத்தில் முப்பதையும் ஆல்க்கையும் சொட்டுச் சொட்டாக மேலே ஊற்றி, கழுவி, பின்னணிக்கு நீல மறுசாயம் ஏற்றி, வாயிலேயே வெற்றி விழாவும் நடத்திக்கொண்டிருந்தார். இரண்டே கால் மணிக்கு ஸ்லைடுகள் தயாராயின. மேடம் குனிந்தார். முதலில் முப்பது. பிறகு ஆல்க். பிறகு மறுபடியும் முப்பது.

அவர் நிமிர்ந்தபோது முகத்தில் ஈயாடவில்லை.

"ஒண்ணுமே இல்லை மெழுகு. ரெண்டுலயும் ஒரு பொட்டு பழுப்புகூட இல்லை."

"நல்லாப் பாருங்க மேடம்."

"பாத்துட்டேன். நான் கதை கட்டியிருக்கேன். லாடம், மாத்திரை, காலர் பட்டன்னு அழகா ஒரு கதை." கை போனுக்குப் போனது. "எலும்பு சொன்னதுதான் சரி. வீணா ஒருத்தனுக்கு ஆசை காட்ட இருந்தேன். நல்லவேளை, மேல எதுவும் சொல்லலை."

அவர் எண்களை அழுத்த ஆரம்பித்தார். மெழுகு கையை என்ன செய்வது என்று தெரியாமல், பழக்க தோஷத்தில் முப்பது ஸ்லைடை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். கண்ணாடியின் நடுவில் டிரைவரின் சதைத் துணுக்கு. மேல் மூலையில் இன்னொரு சின்னத் துணுக்கு. அது யாருடைய டான்சிலோ. எந்த ஸ்லைடிலும் அப்படி ஒரு துண்டைக் கூட ஒட்டுவார்கள். சாயம் நிச்சயமாகப் பிடிக்கும் என்று தெரிந்த துண்டு. அதற்குக் கூடத்தில் சாட்சி என்று பெயர். சாட்சி பழுப்பானால்தான் சாயம் வேலை செய்தது என்று அர்த்தம்.

சாட்சி துளிப் பழுப்பு இல்லாமல் பளிச்சென்று நீலமாக இருந்தது.

"மேடம், போனை வைங்க."

"ஏன்?"

"வைங்கன்னா வைங்க! சாட்சியும் வாயைத் திறக்கலை. சாட்சியே ஊமைன்னா எதிராளி இல்லைன்னு சொன்னதை எப்படி நம்பறது?"

மேடம் போனை வைத்தார். மெழுகு நேராகத் தண்ணீர்த் தொட்டிக்குப் போனார். ஸ்லைடை இருபது நிமிடம் கொதிக்கிற தண்ணீரில் வைத்தால்தான் அணுக்களின் பூட்டு திறக்கும், சாயம் உள்ளே போகும். தொட்டியின் சுவிட்சைப் பார்த்தார். பிறகு உள்ளே விரலை விட்டார். குழாய்த் தண்ணீர் மாதிரி ஜில்லென்று இருந்தது. பதறாத காரியம் சிதறாது என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவர், மேடம் படியேறுகிற வேடிக்கையைப் பார்க்கிற ஆசையில் சுவிட்சைப் போடாமல் ஓடியிருந்தார்.

"குற்றவாளி கிடைச்சுட்டான் மேடம்" என்றார். "வயசு நாப்பத்தெட்டு. வழுக்கைத் தலை. ஒரு காலைக் கொன்னிருப்பான் பாவி."

மேடம் எழுந்து வந்து தொட்டியைப் பார்த்தார், மெழுகைப் பார்த்தார். திட்டுவார் என்று மெழுகு காத்திருந்தார். திட்டினால் தேவலை என்றுகூட இருந்தது.

"ஒரே கேஸ்ல ரெண்டு யானைக்கு அடி சறுக்கியிருக்கு. உக்காந்து அழுதா யாரு தூக்குவா? இன்னும் ஒரு ஸ்லைடுக்கு முப்பது இருக்குல்ல?"

"சரியா ஒண்ணுக்குத்தான் இருக்கு."

"போடுங்க, ஆல்க்கையும் சேத்து. இந்தத் தடவை நான் சுவிட்ச் பக்கத்துலயே நாற்காலி போட்டு உக்காந்துக்கறேன்."

அப்படியே உட்கார்ந்தார். அடுத்த மூன்று மணி நேரம் மெழுகு ஒரு வார்த்தை பேசவில்லை. கடைசிச் சொட்டுகளை விட்டபோது மூச்சைக்கூடப் பிடித்துக்கொண்டார். ஐந்து மணி அடித்ததும் கதவு திறந்தது. எலும்பு டாக்டர் தாமே கீழே வந்திருந்தார், கையில் மடித்த லிஸ்டோடு.

"மணி அஞ்சு" என்றார்.

"மணி பாக்கத் தெரிஞ்ச டாக்டர் அந்த ஸ்டூல்ல கொஞ்சம் உக்காருங்க" என்றார் மெழுகு, திரும்பிப் பார்க்காமல். "இன்னும் கழுவவே இல்லை."

அவர் என்னமோ சொல்ல வாயெடுத்தார். மேடத்தின் முகத்தைப் பார்த்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். மேடம் மாத்திரை விஷயத்தைச் சொல்ல, அவர் நெற்றியைச் சுருக்கிக்கொண்டே கேட்டார்.

ஐந்து இருபதுக்கு மெழுகு ஸ்லைடைத் துடைத்தார். மைக்ராஸ்கோப்புக்கே அவசியம் இருக்கவில்லை. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தபோதே மூலையில் சாட்சித் துண்டில் பழுப்புப் பொட்டுகள் தெரிந்தன. நடுவில், டிரைவரின் துணுக்கு முழுக்க, காபியைக் கொட்டினதுபோல ஒரே பழுப்பு. ஆல்க்கும் அப்படியே. நூல்கண்டு மாதிரி படுத்துக்கிடந்த அத்தனை அணுக்களும், லாடம் இருந்ததும் இல்லாததுமாக, கையும் களவுமாகப் பிடிபட்டிருந்தன.

எலும்பு டாக்டர் எதிர்க் கண்ணாடியில் குனிந்து பார்த்தார். "எல்லாம் பழுப்பா இருக்கு. நல்லதா, கெட்டதா?"

"உனக்குக் கெட்டது, நாளைக்குக் காலையில வேலை இல்லை. அவனுக்கு நல்லது. முப்பதும் ஆல்க்கும் சேர்ந்து வர்ற லிம்போமா மருந்துக்கு நல்லாவே மசியும்."

எலும்பு டாக்டர் லிஸ்டை மேஜைமேல் விரித்தார். பேனாவை எடுத்து முதல் வரியை அடித்தார். அடித்ததைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த அக்காவை நான் வெளிய நிக்கச் சொன்னேன்" என்றார் மெதுவாக.

"வா. உள்ள கூப்பிட்டுச் சொல்லுவோம்."

மூன்று பேருமாக வார்டுக்குப் போனார்கள். மேடம்தான் சொன்னார். இது வேறு நோய். இதுவும் புற்றுதான், சின்ன விஷயம் இல்லை. ஆறு மாசம் ஊசி, முடி கொட்டும், வாந்தி வரும், அதுவரை வண்டியைத் தொடக் கூடாது. ஆனால் குணமாக நல்ல வாய்ப்பு இருக்கிறது. கத்தி இல்லை. வீசிங்குக்கும் ஒளிந்து ஒளிந்து மாத்திரை தின்னாமல் இங்கேயே வைத்தியம் பார்க்கலாம்.

டிரைவர் கேட்டுக்கொண்டே இருந்தார். பேச்சு முடிந்ததும் இடது முழங்காலை இரண்டு கையாலும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். பிடித்த பிடியை விடவே இல்லை. அவருடைய தோள் மட்டும் குலுங்கியது.

அக்காவுக்கு முதலில் அழுகை வந்தது, அதன் பின்னாலேயே ஆத்திரம் வந்தது. "அப்போ காலை எடுக்கணும்னு முதல்ல எழுதிக் குடுத்த புண்ணியவான் யாரு?"

எலும்பு டாக்டர் கனைத்தார். "அது வந்தும்மா, சில சமயம் டெஸ்ட்ல..."

"நான்தான்" என்றார் மேடம். "ரிப்போர்ட்ல கையெழுத்து என்னோடது. தப்பு டெஸ்ட்ல இல்லை. இவருக்கும் அதுல பங்கு இல்லை. அவசரப்பட்டுக் கோடு கிழிச்சது நான்."

மெழுகுக்கு இடையில் புகுந்து ஏதாவது சொல்லிச் சிரிக்கவைத்துவிடலாமா என்று நாக்கு துறுதுறுத்தது. வேண்டாம் என்று அடக்கிக்கொண்டார். இது மேடம் தானே நின்று வாங்கிக்கொள்ள வேண்டியது.

அக்கா எழுந்து மேடத்தின் எதிரே வந்து நின்றாள். மேடத்தின் வலது கையைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தாள்.

"இந்தக் கையா?" என்றாள். "ரெண்டு நாளா இந்தக் கையைத்தான் டாக்டர் சபிச்சுக்கிட்டு இருந்தேன். என் தம்பி காலை எடுக்கக் கையெழுத்துப் போட்ட கை புழுத்துப் போகணும்னு. சோறு இறங்கலை, அதைத்தான் சொல்லிக்கிட்டே இருந்தேன். இப்போ இந்தக் கைதான் காலைத் திருப்பிக் குடுக்குது. சொன்னதை எப்படித் திரும்ப எடுக்கறதுன்னு எனக்குத் தெரியலையே!"

மேடத்தின் கண் நிறைந்திருந்தது. ஆனால் சிரித்தார்.

"நான் ரிப்போர்ட்டைத் திரும்ப எடுக்கற மாதிரிதாம்மா. பழசை அடிச்சுட்டு, பக்கத்துலயே புதுசா ஒண்ணு எழுதிட வேண்டியதுதான்."

அக்கா அந்தக் கையைத் தன் இரண்டு கண்களிலும் ஒற்றிக்கொண்டாள். "இந்தக் கை நல்லா இருக்கட்டும்" என்றாள். "நூறு வருஷம் நல்லா இருக்கட்டும்."